பாண்டிச்செல்வி லீவு போட்ட நாட்கள்

மணி பத்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போதே பாண்டிச்செல்வி பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றிவிடுகிறார். மூடி வாயிலேயே இருக்க, வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர், குழாய்க் கழுத்தில் உள்ள பிரஷர் மீட்டர் என்று ஒரு சுற்று வந்து, தடித்த நோட்டில் எண்களை இறக்குகிறார். மணிக்கு ஒருமுறை இது நடக்கும். நோட்டின் கடைசிக் கட்டத்துக்கு மேலே 'குறிப்பு' என்று அச்சடித்திருக்கிறது. இரவு ஷிப்டுக்காரர் அதில் ஒரு 'ஓகே' போட்டு, அதற்குக் கீழே விடியும்வரை மேற்படிக்குறி வைத்துக்கொண்டே போவார். பாண்டிச்செல்வியின் பக்கங்களில்தான் வாசிக்க ஏதாவது கிடைக்கும். 'சொகம்.' 'லேசா முணுமுணுப்பு.' 'கரண்டு கொறவு, மூச்சு வாங்குது.' ஜனவரியில் ஒரு நாள்: 'ரெண்டு பேரும் பேசிக்கிடலை.'

ரெண்டு பேர் என்பது இரண்டு மோட்டார்கள்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே, புதூர்ப் பக்கம் போகும் சாலையிலிருந்து விலகி, உளுந்து எடுத்து முடித்த கரிசலுக்கு நடுவில் அந்த நீரேற்று நிலையம் நிற்கிறது. தகரக் கூரை, வெள்ளையடித்த சுவர், பக்கத்தில் ஒரு தரைத்தொட்டி. தாமிரபரணியில் எடுத்த தண்ணீர் பூமிக்கடியில் நெடுந்தூரம் நடந்து வந்து இந்தத் தொட்டியில் சற்று நேரம் படுத்திருக்கும். இரண்டு மோட்டார்களும் சேர்ந்து அதைத் தூக்கிப் பதினான்கு ஊர்களுக்கு அனுப்பும். மூன்றாவது ஒன்றும் இருந்தது. கம்பிச்சுருள் எரிந்து காயில் கட்டப் போய் நான்கு மாதம் ஆகிறது, திரும்பவில்லை. அது இருந்த சிமென்ட் மேடையில் இப்போது பாண்டிச்செல்வியின் தூக்குவாளி உட்கார்ந்திருக்கிறது.

அவருக்கு நாற்பதுக்கு இரண்டு குறைவு. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை. கைக்கடிகாரத்தின் முகம் உள்மணிக்கட்டுப் பக்கம். சுழலும் தண்டுக்கு அருகில் போகிற கை என்பதால் கண்ணாடி வளையல் கிடையாது. யாராவது கேட்டால், மோட்டாருக்கு வளையல் சத்தம் பிடிக்காது என்பார். அவர் எதையும் முழுக் காரணமாகச் சொல்வதில்லை, பாதியை மோட்டார் தலையில் கட்டிவிடுவார்.

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்தவர். சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்த வருஷம், மோட்டாருக்குப் பெண்ணை வைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. தீப்பெட்டி ஆபீஸில் போய் உட்கார்ந்தார். பதினோரு வருஷம். "பதினோரு வருசம் குச்சி அடுக்குனேன் அண்ணாச்சி. ஒரு குச்சியாவது ஒரு நாளாவது ஒரு சத்தம் குடுத்துருக்குமா? இதுகளப் பாருங்க, நம்மகிட்ட என்னமாவது சொல்லிக்கிட்டே இருக்குதுக" என்றார் என்னிடம். நான்கு வருஷம் முன்பு இங்கே இருந்த ஆபரேட்டர் வளைகுடாவுக்குப் போய்விட, பராமரிப்பை எடுத்திருந்த கான்ட்ராக்ட் கம்பெனிக்கு அவசரத்தில் ஆள் கிடைக்கவில்லை. அப்படித்தான் கதவு திறந்தது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பகல் ஷிப்டு. மார்ச் முடிவில் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டிய வேலை. பிப்ரவரி பிறந்தாலே அவர் தூக்கத்தில் ஏதோ கையெழுத்துப் போடுவதாக அவர் வீட்டில் சொல்வார்களாம்.

அவரை நேரில் பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே எனக்கு அவரைத் தெரியும் என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும். நான் ஹாம்பர்க்கில் இருக்கிறேன். பல நாடுகளின் தண்ணீர் மோட்டார்களில் ஒட்டிய சென்சார்கள் அனுப்புகிற கோடுகளைப் பார்ப்பது என் பிழைப்பு. சென்சார் என்பது பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வில்லை. மோட்டார்த் தண்டைத் தாங்கும் பேரிங்கின் மேல் அதை ஒட்டிவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது சூட்டையும் அதிர்வையும் அளந்து அனுப்பும். முதல் மூன்று மாதம் எங்கள் கணினி எதுவும் பேசாது, அந்த மோட்டாரின் இயல்பைப் படித்துக்கொண்டிருக்கும். பிறகு சூடு இயல்பைவிட்டு விலகினால் பச்சை மஞ்சளாகும், அதிர்வும் சேர்ந்து விலகினால் மஞ்சள் சிவப்பாகும். உடைந்த பிறகு ஓடுவதற்குப் பதில், உடையப் போகிறது என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு.

என் காலை எட்டு மணி இங்கே நண்பகல் கடந்த வேளை. சன்னலுக்கு வெளியே பனி ஈரமாக விழுந்துகொண்டிருக்க, திரையில் கரிசல் காட்டின் வெயில் ஒரு பச்சைக் கோடாக ஊர்ந்து போகும். ஊரைப் பற்றிய கவலைகளில் எதை எங்கே வைப்பது என்று தெரியாத எனக்கு அந்தக் கோடு ஒரு நாடித்துடிப்பு மாதிரி. இரண்டாம் எண் மோட்டாரின் கோட்டில் மட்டும் ஒரு புதிர் இருந்தது. மாதத்தில் இரண்டு நாள், பகலில், சூடு விறுவிறுவென்று ஏறி மஞ்சளைத் தொடும். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் தணிந்துவிடும். நிலையத்தைக் கவனிக்கும் இளம் பொறியாளர் கோகுலகிருஷ்ணனிடம் தொலைபேசியில் அந்தத் தேதிகளைப் படித்தேன். அவர் வருகைப் பதிவைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். எல்லாம் பாண்டிச்செல்வி லீவு போட்ட நாட்கள்.

"அந்தக்கா வரலைன்னா அது ஏங்கிப் போயிருது சார்" என்றார்.

நான் அதை நம்பினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எத்தனையோ காலைகளில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, முகம் தெரியாத ஒரு பெண் உள்ளே வந்ததும் ஒரு மோட்டார் பெருமூச்சு விட்டுத் தணிவதை நினைத்துக்கொண்டிருந்தது உண்மை. அந்த நினைப்பு இதமாக இருந்தது. இதமாக இருந்ததாலேயே மேற்கொண்டு கேட்காமல் விட்டேன். பிப்ரவரியில் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. சூடு அமைதியாகத்தான் இருந்தது. அதிர்வு மட்டும் ஒவ்வொரு நாளும் மயிரிழை மயிரிழையாக ஏறிக்கொண்டிருந்தது. சூடு ஏறாததால் கணினி பச்சையையே காட்டியது. மார்ச்சில் விடுமுறைக்கு வந்த இரண்டாம் நாளே, வீட்டில் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசலில் நடந்தேன்.

மோட்டார் அறைக்குள் முதல் அரைமணி நேரம் யாரும் பேச முடியாது. காதை அந்த ரீங்காரத்துக்குப் பழக்க வேண்டும். பழகிவிட்டால் அது ரீங்காரமாகவே தெரியாது, அறைக்குள் மெதுவாக நிறைந்துவிட்ட ஒரு திரவம் போல இருக்கும். எதைப் பார்த்தாலும் அதனூடே பார்ப்பது மாதிரி. கதவுக்கு வெளியே வெயிலில் நிலம் அலையடித்தது. தூரத்துக் காற்றாலைகளின் கால்கள் கானலில் கரைந்து இறக்கைகள் மட்டும் ஆகாயத்தில் சுற்றின. குழாய்த்தடத்தில் ஓரிடத்தில் ஏர் வால்வு கசியும். அந்த ஒரு சாண் ஈரத்தைச் சுற்றி ஆடுகள் தலையைத் தலையோடு வைத்து நின்றன. ஆடுகள் நிற்கிற விதத்தைப் பார்த்தே குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பாண்டிச்செல்வி சொல்லிவிடுவார். நெருக்கியடித்தால் கசிவு குறைவு, அழுத்தம் இறங்கியிருக்கிறது. பரவி நின்றால் எல்லாம் சொகம்.

தினமும் பத்தரைக்கு அவருக்கு ஒரு போன் வரும். குழாய்த்தடத்தின் கடைசி ஊரான அயன்கரட்டுப்பட்டியில் தொட்டி திறந்துவிடும் சுப்புத்தாய் அழைப்பார். அங்கே எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் ஏறும். ஆனால் எட்டு நாளும் போன் வரும். அன்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஒன் மோட்டாரு ஒறங்குதா? இங்கன தொட்டிக்குள்ள பல்லி ஓடிப்பிடிச்சு வெளையாடுது."

"நாலு நாளு பொறுங்க மதினி. அதுவரைக்கும் பல்லிக்கு ஒரு டம்ளர்ல தண்ணி வையிங்க."

"டம்ளரு இருக்கு. அதுல ஊத்தத்தான ஒன்னியக் கேக்கேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லையாம். நான்கு வருஷமாக இந்தப் பேச்சு.

பதினொன்று ஆனது. நோட்டை எழுதி மூடிவிட்டு அவர் வெளியே போனார். கதவோரம் ஒரு வாளியில் சணல்சாக்கு ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து முறுக்கிப் பிழிந்து, உதறி, நான்காய் மடித்து உள்ளே கொண்டு வந்தார். இரண்டாம் எண் மோட்டாரின் பேரிங் மேல் அதைப் போர்த்தினார். நான்கு ஓரங்களையும் உள்பக்கமாகச் செருகினார். செருகிவிட்டு ஒரு கணம் உள்ளங்கையை அதன் மேல் வைத்திருந்தார்.

அந்தச் சாக்குக்கு அடியில் எங்கள் சென்சார் இருந்தது.

ஆறு மாதமாக நான் ஹாம்பர்க்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது ஓர் ஈரச்சாக்கின் சூட்டை. எப்போதிலிருந்து இதைச் செய்கிறார் என்று கேட்டேன். வந்த முதல் கோடையிலிருந்து, என்றார். இந்த மோட்டார் மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறது, தகரம் காய்கிறது, தொட்டால் கை வேகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நனைத்துப் போடுவார். பழகிப்போனதால் மழை நாளிலும் விடுவதில்லை. மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல்னா நெத்தியில துணிய நனச்சுப் போடுதோம்லா, அப்பிடித்தான்."

செப்டம்பரில் சென்சார் ஒட்ட வந்தவர்கள் சாக்கைத் தூக்கி ஓரமாய் எறிந்துவிட்டு, ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை. மேலிடத்தில் இருந்து பார்ப்பார்கள் என்று மட்டும் சொன்னார்களாம். அவர்கள் ஜீப் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் சாக்கு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "அதையும் சேத்துத்தான் மூடுதேன். பாவம், அதுக்கும் சூடுதான அண்ணாச்சி" என்றார்.

நான் போனை எடுத்துக் கோட்டைக் காட்டினேன். கணினி மூன்று மாதம் இந்த மோட்டாரைப் படித்தபோது சாக்கோடு சேர்த்தே படித்திருக்கிறது. அதற்கு ஈரம்தான் இயல்பு. அவர் லீவு போட்ட நாட்களில் தெரிந்த சூடுதான் மோட்டாரின் உண்மையான சூடு. அதிர்வு ஏறுவதைப் பார்த்தால் உள்ளே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. இப்படியே ஓடினால் ஒரு நாள் இறுகிப்போய்த் தண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். அப்புறம் குறைந்தது மூன்று வாரம் நிற்கும். மாற்று மோட்டார் இல்லை. ஒரே மோட்டார் ஓடினால் கடைசி ஐந்து ஊர்களுக்குத் தண்ணீர் ஏறாது. சித்திரை வெயில் தொடங்கும் நேரம். இப்போதே நிறுத்தி மாற்றினால் இரண்டு நாளில் முடிந்துவிடும்.

அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐ.டி.ஐ. படித்தவருக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையிருக்கவில்லை.

"அப்ப நான்தான் அது வாயப் பொத்தி வச்சிருக்கேன்" என்றார்.

நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கோகுலகிருஷ்ணனுக்கு மட்டும்தான் உண்டு. அவர் நிறத்தை நம்புகிறவர். நிறம் பச்சை. சாக்கை எடுத்தால் சிவப்பு வரும். சிவப்பு வந்தால் இத்தனை நாள் ஏன் பச்சை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வருகிற மாதம் மார்ச். இதையெல்லாம் இருவரும் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சற்றுக் கோழைத்தனமாக ஒரு வழி சொன்னேன். சென்சாரைச் சரிசெய்தபோது அளவு மாறிவிட்டதாக நானே எழுதிவிடலாம், சாக்கைப் பற்றி யாரும் அறிய வேண்டியதில்லை.

அவர் யோசித்தார். கதவுக்கு வெளியே ஆடுகள் ஒவ்வொன்றாகக் கானலுக்குள் நடந்து போய்க் கால் இல்லாதவையாக மாறின.

"இதே மாதிரி வேற மோட்டார் ரூம்லயும் எவளாவது சாக்கு போட்டுக்கிட்டுத்தான இருப்பா? அவளுக்கு யாரு சொல்லுவா?"

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் வாளிப் பக்கம் போகவில்லை. நோட்டை எழுதினார், மூடினார். வெளியே போய் வெயிலில் நின்றார், திரும்ப வந்தார். எண்ணெய்க் கிண்ணத்தைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பன்னிரண்டு மணிக்குப் பேரிங்கைத் தொட்டவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். என் போனில் கோடு நிமிரத் தொடங்கியது. அழுகிற குழந்தையைத் தூக்காமல் நிற்கிற தாயின் முகத்தை அன்று முதல்முறையாக அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தேன். ஒரு மணிக்கு மஞ்சள். இரண்டு மணிக்குச் சிவப்பு.

சிவப்பு கோகுலகிருஷ்ணனின் போனுக்கும் போயிருந்தது. பைக்கை வெயிலில் போட்டுவிட்டு வந்தார். மீட்டர்களைப் பார்த்தார், பேரிங் பக்கம் குனிந்தார், நிமிர்ந்தார். ஆறு மாதம் மஞ்சளைத் தாண்டாதது ஒரே மதியத்தில் சிவப்பாகாது, சென்சார்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினார். புதிது அனுப்பச் சொல்லிப் போன் செய்யப் போனார். மோட்டாரை நிறுத்த வேண்டாம் என்றார். மூன்று நாளில் அயன்கரட்டுப்பட்டி முறை வருகிறது, நிறுத்தினால் அந்த ஊர் சாலைக்கு வந்துவிடும். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். நான் வாயைத் திறக்கப் போனேன். பாண்டிச்செல்வி முந்திக்கொண்டார்.

"சார், சென்சார் சரியாத்தான் சொல்லுது. நான்தான் இத்தன நாளும் அதப் பொய் சொல்ல வச்சிட்டேன்."

வாளியையும் சாக்கையும் காட்டிச் சொன்னார். முதல் கோடையிலிருந்து, ஒன்று விடாமல். கோகுலகிருஷ்ணன் போனை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டார். "இத என்கிட்டச் சொல்லாமலே இருந்திருக்கலாம்லாக்கா" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. கேட்டுவிட்டதால் இனி எழுதியாக வேண்டும்.

"சொல்லலன்னா நிறுத்துவீங்களா சார்?"

அவர் மோட்டாரைப் பார்த்தார். "மாட்டேன்."

"அப்ப நிறுத்துங்க."

நின்றது. இரண்டில் ஒன்று ஓய்ந்ததும் அறையில் நிரம்பியிருந்த திரவம் பாதி வடிந்தது போலிருந்தது. எங்கோ ஒரு மைனா கத்துவது அப்போதுதான் காதில் விழுந்தது. பாண்டிச்செல்வி நோட்டைத் திறந்து குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'நிறுத்தம். காரணம், சாக்கு.' பிறகு சுப்புத்தாய்க்குப் போன் செய்து, இந்த முறை தண்ணீர் இரண்டு நாள் தள்ளி வரும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் திட்டு வந்தது. திட்டு முடிந்த பிறகு, யார் தப்பு என்று சுப்புத்தாய் கேட்டிருக்க வேண்டும். "என் தப்புதான் மதினி" என்றார். பிறகு, பத்து நாள் முன்னால் சொல்லியிருந்தால் குடங்களையாவது நிரப்பி வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டு சுப்புத்தாய் போனை வைத்துவிட்டாராம்.

கோவில்பட்டியிலிருந்து பிட்டர் சங்கிலிப்பாண்டி மறுநாள் விடிந்ததும் வந்தார். பெரிய மனிதர், சின்னக் குரல். கவ்வியைப் போட்டு பேரிங்கை உருவி, விரித்த செய்தித்தாளில் வைத்தார். கிரீஸ் தார் போலக் கறுத்து, அதற்குள் இரும்புத் துகள் வெயில் பட்டு மினுங்கியது. குண்டுகளைப் பிடித்திருக்கும் கூண்டு ஓரிடத்தில் விண்டு போயிருந்தது. பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு நாள் தாங்கியிருக்கும் என்றார். கோகுலகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் தேதியை எண்ணிப் பார்த்தேன், மார்ச் முடிவதற்குள் உடைந்திருக்கும்.

சங்கிலிப்பாண்டி அத்தோடு விடவில்லை. பேரிங்கின் வெளிவளையத்தைத் திருப்பிச் செம்பழுப்பாகப் படிந்திருந்த ஒரு வட்டத்தை விரலால் சுரண்டினார்.

"சாக்கு போட்டது நீதானாம்மா? பாதி நோவு அந்தத் தண்ணி குடுத்ததுதான். சீலு வழியா எறங்கி உள்ள துருப் பிடிக்க வச்சிருக்கு."

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. மருத்துவர் சொல்வது போலத்தான் சொன்னார். பாண்டிச்செல்வி தாளுக்கு முன் குந்தி உட்கார்ந்தார். துருப் பிடித்த இடத்தை விரல் நுனியால் ஒரு முழுச் சுற்று தடவினார். விரலில் ஒட்டிய சிவப்பைப் பார்த்தார். நான்கு வருஷத்துப் பதினொரு மணிகள் எல்லாம் அந்தச் சிவப்பில் இருந்திருக்க வேண்டும். அன்று மதியம் தூக்குவாளியை அவர் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மோட்டார் ஓடியது. புது பேரிங்கின் சத்தம் மெல்லிசாக, யாரோ உறக்கத்தில் மூச்சு விடுவது போல இருந்தது. சுப்புத்தாயின் ஊருக்குச் சொன்னபடி இரண்டு நாள் தள்ளித் தண்ணீர் ஏறியது. கணினியின் பழைய படிப்பை நான் அழித்துவிட்டேன். அது முதலிலிருந்து கற்க வேண்டும். மூன்று மாதம் காத்திருக்கக் கோடை விடாது என்பதால் மூன்று வாரம் என்று குறுக்கிவைத்தேன். இந்த மூன்று வாரத்தில் அது எதைப் பார்க்கிறதோ அதைத்தான் இயல்பு என்று நம்பும் என்று பாண்டிச்செல்வியிடம் சொன்னேன். அவர் அதை நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக எடுத்துக்கொண்டார். மோட்டார் மேல் யாரும் சாயக்கூடாது. இரவு ஷிப்டுக்காரர் சட்டையைக் காயப்போடக் கூடாது. ஈரக்கையோடு யாரும் கிட்டே போகக்கூடாது. மேற்குச் சுவரில் வெயில் விழாமல் வெளியே தென்னங்கீற்றுத் தட்டி கட்டினார். கூரைக்கடியில் இரண்டு செங்கலைக் கழற்றிக் காற்றுக்கு வழி விட்டார். அறை ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற வீடு போலாயிற்று. எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி கான்ட்ராக்ட் கம்பெனியின் சூப்பர்வைசர் பூவனலிங்கம் வந்தார். கையில் பாண்டிச்செல்வி எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு கடிதத்தை மறுபடி வாசித்தார். மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியவர் அவர்தான். வேலையைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று அந்த அறிக்கையின் கடைசி வரியில் எழுதப் போகிறவரும் அவர்தான். அந்த வரியை இன்னும் எழுதவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். அதற்கு முன் ஒரு போட்டோ வேண்டும். எல்லா நிலையங்களுக்கும் அனுப்புவார்களாம், இப்படிச் செய்யக்கூடாது என்று காட்ட. சாக்கை நனைத்து அதே மாதிரி மோட்டார் மேல் போடச் சொன்னார்.

பாண்டிச்செல்வி அசையவில்லை.

"ஒரு நிமிசந்தானம்மா. எடுத்த ஒடனே எடுத்துரு."

"இல்ல சார். அது இப்பத்தான் படிச்சிக்கிட்டு இருக்கு."

பூவனலிங்கம் என்னைப் பார்த்தார். ஒரு நிமிட ஈரம் கணக்கில் பெரிதாக ஒன்றும் செய்யாது, அது எனக்குத் தெரியும். சொல்லவும் வாயெடுத்தேன். பாண்டிச்செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டாரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பூவனலிங்கம் குரலைச் சற்று உயர்த்தி, கடிதத்தைத் தூக்கிக் காட்டி, காகிதம் தன் கையில்தான் இருக்கிறது என்பதை நினைவுபடுத்தினார்.

"தெரியும் சார். நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க. அது மேல மட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டு வெளியே போனார். வாளியில் தண்ணீர் சளசளக்கும் சத்தம் கேட்டது. பூவனலிங்கம் மனம் மாறிவிட்டார் என்று நினைத்துப் போனின் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சாக்கைப் பிழிந்து மடித்தபடி பாண்டிச்செல்வி உள்ளே வந்தார். இரண்டாம் எண் மோட்டாரைக் கடந்து, வெளிச்சம் விழும் வாசல் நடுவில் வந்து நின்றார். காக்கிச் சட்டையின் இடது கையை முழங்கை வரை சுருட்டினார். ஈரச்சாக்கைத் தன் முன்னங்கையின் மேல் போர்த்தி, நான்கு ஓரங்களையும் அடியில் செருகி, அந்தக் கையை நேராக கேமராவுக்கு நீட்டினார்.